குழாய் விட்டுப் பார்ப்பது பற்றி அண்ணனுக்கு

மதுரை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினி எல்லாவற்றையும் சொன்னார்கள். மருமகன் அனுப்பிய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்தேன், நான் வேலை பார்க்கும் நுரையீரல் பிரிவில் எங்கள் டாக்டரிடமும் காட்டினேன். பிராங்கோஸ்கோப்பி செய்ய வேண்டும், அதாவது மூச்சுக்குழலுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றதும் நீங்கள் “காலண்டர் சீசன் முடியட்டும்” என்று சொல்லிவிட்டு பிரஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்களாமே. சிவகாசியில் காலண்டர் சீசன் முடிவதற்குள் தை பிறந்துவிடும். போனில் பேசினால் இரண்டு தடவை “சரிம்மா” சொல்லி மதினி கையில் கொடுத்துவிடுவீர்கள். காகிதத்தில் வந்தால் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆள் நீங்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரிப்போர்ட்டில் இருப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வலது நுரையீரலின் மேல் மடலில் 18 மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு. டாக்டர்கள் நாட்யூல் என்பார்கள். 30 மில்லிமீட்டரைத் தாண்டினால்தான் அதைக் கட்டி என்று எழுதுவார்கள். ஓரம் வழுவழுப்பாக இல்லை, முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது. நெஞ்சுக்கு நடுவில், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு நெறிக்கட்டி சற்றுப் பெருத்திருக்கிறது. படம் சொல்வது இவ்வளவுதான். இது புற்றா, காசநோயா, ஆறிப்போன பழைய தழும்பா என்று எந்தப் படத்தை வைத்தும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முப்பது வருஷம் சிகரெட் பிடித்தவருக்கு, விட்டு நாலே வருஷம் ஆனவருக்கு, இந்த மாதிரி முடிச்சு தெரிந்தால் புற்று இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டுதான் மற்றதை யோசிக்க வேண்டும். உங்களிடம் இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனசில்லை.

“எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே” என்கிறீர்களாம். செய்யாது அண்ணா. நுரையீரலின் சதைக்கு வலி உணரும் நரம்பு கிடையாது. அதைச் சுற்றியிருக்கும் உறைக்கும் நெஞ்சுச் சுவருக்கும்தான் வலி தெரியும். ஓரமாக இருக்கிற சின்ன முடிச்சு ஒரு இருமலைக்கூடக் கிளப்பாது. சளியில் ரத்தம், குரல் கம்மல், எடை இறக்கம் என்று எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களில் பலருக்கு ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிப்போயிருக்கும். நீங்கள் பைக்கிலிருந்து விழுந்து, விலா எலும்புக்கு எக்ஸ்ரே எடுக்கப்போன இடத்தில் இது தெரியவந்தது. தானாக வந்த அந்த முன்கூட்டிய சேதியை மூன்று மாதம் ஊறப்போட்டால் அப்புறம் அதற்கு என்ன மதிப்பு?

உங்கள் கணக்கிலேயே சொல்கிறேன். 18 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று கன அளவில் இரண்டு மடங்கு ஆனால் அதன் விட்டம் எவ்வளவு ஆகும்? 36 இல்லை, ஏறக்குறைய 23தான். வெர்னியர் பிடித்துப் பழகிய கைக்கு இது புரியும். படத்தில் பார்த்தால் “கொஞ்சம்தான் வளர்ந்திருக்கு” என்று தோன்றும், உள்ளே அது இரட்டித்திருக்கும். நுரையீரல் புற்று பல பேருக்குச் சில மாதங்களிலேயே அப்படி இரட்டிக்கக்கூடியது.

அடுத்தது அந்தக் காசநோய் மாத்திரை. மேல் மடலில் நிழல் தெரிந்ததும் “டிபி மாத்திரை போட்டுப் பார்ப்போம், கரைகிறதா என்று ரெண்டு மாசம் கழித்துப் படம் எடுப்போம்” என்று உங்கள் ஊரில் சொன்னார்களாம். அப்படிச் சொல்வதன் காரணம் எனக்குத் தெரியும். உலகத்தில் காசநோய் வருகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர், அதற்கு நுரையீரலின் மேல் மடல்தான் பிடித்தமான இடம். ஆனால் சளியில் கிருமி தெரியாமல், சதையிலும் தெரியாமல், நிழலை மட்டும் பார்த்து அந்த மாத்திரையைத் தொடங்கி, சிறுநீர் சிவப்பாகப் போவதை மட்டும் பலனாகக் கண்டு, மாதங்களை இழந்து வருகிறவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். பெட் ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்று மருமகன் கேட்டான். நம் நாட்டில் அதை மட்டும் நம்ப முடியாது, காசநோயும் அந்தப் படத்தில் பளிச்சென்று ஒளிரும். உள்ளே போய் எடுத்த திசுவுக்கும் கழுவி எடுத்த நீருக்கும்தான் இதைப் பிரித்துச் சொல்லத் தெரியும். ஒரே பரிசோதனையில் இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும்: கழுவிய நீர் ஒரு பக்கம் டிபி கிருமியைத் தேடும் சிபிநாட் மெஷினுக்குப் போகும், சதைத் துணுக்கு இன்னொரு பக்கம் பேத்தாலஜிக்குப் போகும். டிபி என்று வந்தால் நிம்மதியாக மாத்திரையைத் தொடங்கலாம். அப்படி வந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

உங்களுக்கு மெஷின் கதை பிடிக்கும் என்பதால் இந்தக் குழாயின் பிறப்பையும் சொல்கிறேன். 1897ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரத்தில் ஒரு விவசாயி பன்றி எலும்புத் துண்டு ஒன்றை மூச்சுக்குள் இழுத்துவிட்டார். அது வலது மூச்சுக்கிளையில் போய் உட்கார்ந்துகொண்டது. வலது கிளை இடதைவிட அகலம், செங்குத்தாகவும் இறங்கும், அதனால் உள்ளே போகிற பொருள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். குஸ்டாவ் கில்லியன் என்ற டாக்டர், அந்தக் காலத்து மரப்பு மருந்தான கொக்கெய்னைத் தடவி, வளையாத உலோகக் குழாயை வாய் வழியாக இறக்கி, எலும்பை வெளியே எடுத்தார். நோயாளியின் கழுத்தை நிமிர்த்திப் பிடித்து நேர்க்கோட்டில் பார்க்கிற வேலை அது. அடுத்த அறுபது எழுபது வருஷத்துக்கு அதே இரும்புக் குழாய்தான்.

அதை வளையவைத்தவர் டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் இருந்த ஷிகெட்டோ இகேதா. முடியைவிட மெல்லிய ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளைக் கட்டுகளாக்கி, ஒரு கட்டின் வழியாக வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, இன்னொரு கட்டின் வழியாகப் படத்தை வெளியே எடுக்கும் கருவியை 1966ல் உலகத்துக்குக் காட்டினார். பிற்பாடு இழைக்குப் பதிலாக நுனியிலேயே குட்டி கேமரா வந்துவிட்டது. இன்றைக்கு நாங்கள் கையாள்வது பென்சில் தடிமன் உள்ள ஒரு கறுப்புக் குழல். கட்டைவிரலால் ஒரு நெம்பியைத் தள்ளினால் நுனி மேலும் கீழும் வளையும். உள்ளே ஒரு சின்னத் துவாரம், அதன் வழியாகத் தண்ணீர் விடலாம், உறிஞ்சலாம், தூரிகை, இடுக்கி, ஊசி எல்லாம் அனுப்பலாம். ஒரு மெக்கானிக்காக நீங்கள் அதைக் கையில் பிடித்துப் பார்த்தால் விடவே மாட்டீர்கள்.

இவ்வளவு புகழ்கிறேனே, இந்தக் கருவி புற்றைத் தொடக்கத்திலேயே தேடிக் கண்டுபிடிக்குமா என்றால், பெரிய குழல்களின் உள்தோலில் வருகிற புற்றைப் பொறுத்தவரை ஓரளவு ஆமாம். சிகரெட் பிடித்தவர்களுக்கு அங்கே தோல் முதலில் உருமாறி, பிறகுதான் கட்டியாகும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத அந்தக் கட்டத்தில், நீல ஒளி பாய்ச்சிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. கனடாவின் வான்கூவரில் ஸ்டீபன் லாம் குழுவினர் 1990களில் அதை வளர்த்தெடுத்தார்கள். நல்ல தோல் பச்சையாக ஒளிரும், கெட்டுப்போகத் தொடங்கிய இடம் செம்பழுப்பாகத் தெரியும். வெறும் வெள்ளை வெளிச்சத்தில் தப்பிப்போகிற இடங்களும் இதில் அகப்படும். ஆனால் சாதாரண அழற்சியும் அதே நிறம் காட்டி ஏமாற்றும். நுரையீரலின் ஓரத்தில் இருப்பதை அந்த ஒளியும் எட்டாது.

ஓரத்தில் இருப்பதைத் தேடுகிற வேலை சிடி ஸ்கேனுடையது. அமெரிக்காவில் நிறையச் சிகரெட் பிடித்த 53,000க்கும் அதிகமானவர்களை எடுத்து, ஒரு பாதிக்கு வருஷம் ஒருமுறை குறைந்த கதிர்வீச்சு சிடியும் மறு பாதிக்கு எக்ஸ்ரேயும் எடுத்து ஒப்பிட்டார்கள். 2011ல் முடிவு வந்தது: சிடி எடுத்தவர்களில் நுரையீரல் புற்றால் இறந்தவர்கள் 20 சதவீதம் குறைவு. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சிடியில் சந்தேகம் என்று வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புற்றே இல்லை. ஆக, நிழல் தெரிகிறவர்கள் எல்லாரையும் கிழித்துப் பார்க்கவும் முடியாது, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. பிராங்கோஸ்கோப்பியின் இடம் இங்கேதான் வருகிறது. சிடி நிழலைக் காட்டும். அது என்ன நிழல், எதுவரை போயிருக்கிறது என்று நெஞ்சைக் கிழிக்காமல் சொல்வது இதன் வேலை.

உங்களுடைய முடிச்சு ஓரத்தில் இருப்பதால் அதில் ஒரு சிக்கல் உண்டு. மூச்சுக்குழல் இருபது தடவைக்கு மேல் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகிறது. எங்கள் குழல் அதில் நாலைந்து பிரிவுவரைதான் போகும். ஊர் விலக்கில் இறக்கிவிட்டுப் போகிற பஸ் மாதிரி, அதற்கப்புறம் கரிசல் காட்டுக்குள் நடந்துதான் போக வேண்டும். அந்த நடைக்குத் துணையாக, துவாரத்தின் வழியே ஒரு மெல்லிய அல்ட்ராசவுண்ட் கம்பியை அனுப்புவார்கள். அது சுழன்று சுற்றிலும் இருப்பதைப் படமாகக் காட்டும். காற்று நிறைந்த நல்ல நுரையீரல் பனி விழுந்த திரையாகத் தெரியும், முடிச்சுக்குள் நுழைந்ததும் விளிம்புள்ள உருவமாக மாறும். பணவசதியுள்ள இடங்களில் சிடி படத்தை வழிகாட்டியாக்கி நடத்தும் கருவியும், ரோபோ கையும் இருக்கின்றன. ரோபோ கைகள் 2018, 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. மருமகன் அந்த ரோபோவின் வீடியோவை எனக்கும் அனுப்பினான். அதற்காக ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. உங்கள் சிடியில் ஒரு சின்ன மூச்சுக்குழல் நேராக முடிச்சுக்குள் போவது தெரிகிறது என்று எங்கள் டாக்டர் சொன்னார். அப்படி வழி இருந்தால் திசு கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

நெஞ்சு வழியாகவே ஊசி குத்தி எடுக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். எடுக்கலாம், பல இடங்களில் எடுக்கிறார்கள். 10 முதல் 30 மில்லிமீட்டர் முடிச்சு உள்ளவர்களிடம் இரண்டு வழியையும் அமெரிக்காவில் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு 2025ல் வெளியானது. வழிகாட்டும் கருவியோடு குழாய் விட்டவர்களில் சரியான விடை கிடைத்தது 100க்கு 79, ஊசி குத்தியவர்களில் 100க்கு 74. துல்லியத்தில் குறைவில்லை. காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கியது குழாய் வழியில் 100க்கு 3 பேருக்கு, ஊசி வழியில் 28 பேருக்கு. அத்தனை வருஷம் புகைபிடித்த நுரையீரலுக்கு எந்த வழி நல்லது என்று நீங்களே பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் எங்கள் டாக்டர் முதலில் தொட நினைப்பது முடிச்சையே இல்லை, நடுவில் இருக்கிற அந்த நெறிக்கட்டியை. நுனியில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய இன்னொரு குழல் இருக்கிறது, ஈபஸ் என்பார்கள். மூச்சுக்குழல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நெறிக்கட்டியைத் திரையில் பார்த்தபடியே மெல்லிய ஊசியால் எடுக்கலாம். முன்பெல்லாம் இதற்குக் கழுத்துக்குக் கீழே கீறி உள்ளே போக வேண்டியிருந்தது. அந்த நெறிக்கட்டியில் புற்றணு இல்லை என்று வந்தால், முடிச்சு புற்றாகவே இருந்தாலும் ஆபரேஷன் செய்து எடுத்துவிடும் கட்டத்தில் இருக்கலாம். இருக்கிறது என்று வந்தால், கத்தியை எடுப்பதற்கு முன்னால் மருந்தா, கதிர்வீச்சா என்ற பேச்சு வேறு. ஆரம்பக் கட்டம் என்று சும்மா சொல்லிக்கொண்டால் போதாது, ஆரம்பம்தான் என்று நிரூபிப்பதும் இந்தப் பரிசோதனைதான். அதனால்தான் இதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

“சதையைக் கிள்ளினால் பரவிடும்” என்று பிரஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். நம் ஊரில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. பயாப்சி எடுத்த பாதை வழியாகப் புற்று பரவுவது மிக மிக அரிது. சதை எடுத்த பிறகு பலர் மோசமானது உண்மைதான். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேரும்போதே முற்றியிருந்தது. பழி இடுக்கிமேல் விழுந்துவிட்டது, தாமதத்தின்மேல் விழவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். முடிவில் “புற்றணு காணப்படவில்லை” என்று வந்தால் உடனே கோயிலுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அல்ட்ராசவுண்ட் கம்பி வைத்துச் செய்தாலும் பத்து பேரில் ஏழு பேருக்குத்தான் தெளிவான விடை கிடைக்கிறது, 20 மில்லிமீட்டருக்குக் குறைந்த முடிச்சில் அதைவிடவும் குறையலாம். இடுக்கி முடிச்சுக்குப் பக்கத்தில் கிள்ளிவிட்டு வந்தாலும் ரிப்போர்ட் அப்படித்தான் வரும். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: “புற்று இல்லை என்று வந்ததா, வேறு என்ன என்று வந்ததா?” டிபி என்றோ பூஞ்சை என்றோ ஒரு பெயர் வந்திருந்தால் அது விடை. பெயரே வரவில்லை என்றால் திரும்பச் செய்வதா, ஊசியா, ஆபரேஷனா, குறிப்பிட்ட நாளில் மறுபடி சிடியா என்று ஒரு முடிவோடுதான் அறையை விட்டு எழுந்து வர வேண்டும்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்பதையும் எழுதிவிடுகிறேன், தெரிந்தால் பயம் பாதியாகும். முந்தின இரவு சாப்பாட்டோடு சரி, காலையில் இட்லி கிடையாது. சர்க்கரை மாத்திரை அன்று காலை வேண்டாம். முதலில் லிக்னோகெயின் மருந்தைப் புகையாகவும் ஸ்பிரேயாகவும் தருவார்கள். கசக்கும், தொண்டை மரத்துப்போய் எச்சில் விழுங்க முடியாத மாதிரி இருக்கும். அது வெறும் மரப்புதான், மூச்சு அடைப்பது கிடையாது. கையில் ஊசி வழியாக மயக்கத்துக்கு மருந்து, விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் கிளிப், மூக்கில் ஆக்ஸிஜன். குழல் குரல்வளையைத் தாண்டும்போது இருமல் பொங்கி வரும். அந்த ஒரு நிமிஷம்தான் கஷ்டம். பேச முடியாது, பேசவும் முயலாதீர்கள். தொந்தரவு என்றால் கையைத் தூக்குங்கள். பலருக்கு மயக்க மருந்தால் நடந்தது சரியாக நினைவிலேயே இருப்பதில்லை.

திரையில் முதலில் குரல் நாண்கள் தெரியும், பிறகு வளையம் வளையமாக மூச்சுக்குழல், அப்புறம் அது இரண்டாகப் பிரியும் முனை. அந்த முனை கூராக இருக்க வேண்டும். கீழே நெறிக்கட்டி வீங்கியிருந்தால் மழுங்கித் தெரியும். சிலருக்கு உள்தோலில் கரும்புள்ளிகள் படிந்திருக்கும். ஒரு சிகரெட்கூடத் தொடாத, காலமெல்லாம் விறகடுப்பு ஊதிய அம்மாக்களிடமும் அதைப் பார்ப்போம். புகை யாருடையதாக இருந்தாலும் நுரையீரலுக்கு ஒன்றுதான். மதினி இருமிக்கொண்டே இருக்கிறார்களாமே, அவர்களையும் கூட்டி வாருங்கள், அதே நாளில் காட்டிவிடலாம்.

கடுகளவு துணுக்குகள் சிலவற்றை எடுத்து ஃபார்மலினில் போடுவார்கள். முடிந்ததும் இரண்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது, தொண்டை மரத்திருக்கும்போது குடித்தால் புரையேறும். அன்று சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் வரலாம், சளியில் கொஞ்சம் ரத்தம் கலந்து வரலாம், பயப்பட வேண்டாம். வாய் நிறைய ரத்தம் வந்தாலோ, மூச்சு முட்டி நெஞ்சு வலித்தாலோ உடனே வர வேண்டும். பேத்தாலஜி ரிப்போர்ட் ஒரு வாரம்போல ஆகும். புற்று என்றால் ஈஜிஎஃப்ஆர் போன்ற மரபணு மாற்றங்களையும் அதே திசுவில் பார்ப்பார்கள், அது இருந்தால் சிகிச்சைக்கு மாத்திரையே உண்டு. அதற்காகத்தான் டாக்டர் இன்னும் ஒரு துண்டு, இன்னும் ஒரு துண்டு என்று எடுப்பார். அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை உங்களுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். புதன் சாயங்காலமே வந்து நம் வீட்டில் தங்கிவிடுங்கள். சிடி ஸ்கேன் ஃபிலிமையும் அது பதிந்த டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. பழைய எக்ஸ்ரே எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தின படத்தில் இதே முடிச்சு இதே அளவில் இருந்தால் கதையே மாறிவிடும். காப்பீட்டு அட்டை, ஆதார், இதய ஆஸ்பத்திரி ஃபைல் மூன்றும் மதினி பையில் இருக்கட்டும். திரும்பும்போது மருமகன் கூட இருக்க வேண்டும், மயக்க மருந்து போட்ட அன்று தனியாக பஸ் ஏறக் கூடாது.

ஒன்றே ஒன்றுதான் நாளைக்கே செய்ய வேண்டியது. ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நீங்கள் போடுகிற குளோபிடோக்ரெல் மாத்திரை ரத்தத்தை உறைய விடாது. சதை எடுக்க வேண்டுமானால் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாள் முன்னதாக அதை நிறுத்த வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது, இதய டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். ஆஸ்பிரினைத் தொடரலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். நாளைக் காலையில் பிரஸ்ஸுக்குப் போகும் வழியில் அவரைப் பார்த்து, அவர் சொன்னதை ஒரு சீட்டில் எழுதி வாங்கி எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். சீட்டு வந்தால்தான் வியாழக்கிழமை லிஸ்டில் உங்கள் பெயரை நான் உறுதி செய்ய முடியும்.

அன்புடன்,
உங்கள் தங்கை